பின்னமே வராத பத்துக் குழந்தைகள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உன் கடிதமும் ஆஸ்பத்திரித் திரையின் படமும் கிடைத்தன. "அக்கா, நீ எழுதின குட்டி புரோகிராம் இப்ப ஆஸ்பத்திரியில ஓடுது, பாரு" என்று எழுதியிருந்தாய். பூரித்துப்போய் உன் அத்தானிடம் காட்டினேன். பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தைகள் வார்டு, பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து அளவு. இரண்டு மில்லி, மூன்று மில்லி, மறுபடி இரண்டு. எடையை வைத்துத்தான் அளவு, எடை ஒவ்வொன்றுக்கும் வேறு. அப்படியிருக்க, ஒரு பிள்ளைக்குக்கூடப் பின்னம் வரவில்லையா?

அது நான் வீட்டுச் சாமானுக்கு எழுதியதடா. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். சர்க்கரை கூடினால் டப்பாவில் கிடக்கும். மருந்து கூடினால்? "சமையலறைக்கு மட்டும்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே! இன்றே நிறுத்து.

உன் அக்கா

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

கோபப்படாதே. இப்போது யாரும் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. தேதிக்கு ஒரு பாகம், பட்டியலுக்கு ஒரு பாகம், அளவுக்கு உன் பாகம். எடுத்து மாட்டினால் வேலை முடிந்தது. உன்னுடையது மூன்று கடைகளில் ஓடுகிறது, ஒரு புகார் இல்லை. முதல் வரியா? பாகங்களைச் சேமிக்கும்போது குறிப்புகளை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். அடுத்த மாதத் திருத்தத்தில் பார்க்கிறேன். இப்போது நிறுத்தினால் ஒப்பந்தமே போய்விடும். வீட்டிலிருந்து பார்த்தால் இதெல்லாம் புரியாது.

தம்பி

மார்ச் 4, மாலை

தம்பிக்கு,

அடுத்த மாதமா? வீட்டிலிருப்பவளுக்கு ஒன்றும் புரியாதென்றால் அவள் எழுதியதை எதற்கு எடுத்தாய்?

ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன். வார்டு நர்ஸ் பேசினார்.

"நீங்க யாரும்மா?"

"இந்த மருந்துக் கணக்கை எழுதினவ. அதுல தப்பு இருக்கு. கையால ஒரு தடவ போட்டுப் பாருங்க."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"மூணாம் படுக்கைப் பாப்பாவுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டுதான் வரணும். திரையில ரெண்டுன்னு இருக்கே! நேத்துலேர்ந்து அதத்தான் குடுக்கிறோம். ஐயோ, அதான் அவ முழிக்கவே மாட்டேங்கிறாளா!"

போனைக்கூட வைக்காமல் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். அந்தக் காலடிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் காதிலும் விழட்டும்.

அக்கா

மார்ச் 5

அக்கா,

ஒப்பந்தம் போய்விட்டது. என்னை நம்பிப் பதினோரு பேர் வேலையில் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாள் என்று நினைக்கவில்லை. இனி எனக்கு எழுதாதே.

மார்ச் 9

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குமேல் எழுத மாட்டேன்.

பாப்பா நேற்றுக் கண் விழித்துப் பால் குடித்தாளாம். நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னார், அவள் பெயரையும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களிடம் என் பெயரையும் எழுதிக்கொடுத்தேன். பின்னத்தை ஏற்றியது என் கை, குறிப்பை நீக்கியது உன் கை. இரண்டையும் மறைக்கவில்லை. பதினோரு பேர் என்று எழுதினாய். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா?

ஐந்து நாளாகச் சாமி முன் அவளுக்காக நின்றேன். நாற்பது வருஷமாக உன் பெயரைச் சொல்லாமல் நான் கும்பிட்டு எழுந்ததில்லை. இன்று அவள் பெயரைச் சொன்னேன், விளக்கை அணைத்தேன், எழுந்துவிட்டேன்.

அக்கா