அண்ணி குடிவைத்த ஆள்

ஜூலை 4, திங்கள்

இன்றைக்கு எத்தனை பேர் மூச்சை என் முகத்தில் வாங்கினேனோ, கணக்கே இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை என்றால் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே மூக்கும் வாயும் சேர்ந்தேதான் வருகின்றன. ஒரு பெரிய மனிதர், மாஸ்க் போட்டால் லென்ஸில் பனி படிகிறது என்று அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நேராக என் நெற்றியில் இருமினார். தூசி அலர்ஜியாம். தூசிக்குத்தான் இவரைக் கண்டு அலர்ஜி வந்திருக்கும்.

மதியம் லென்ஸ் வெட்டுகிறவரோடு பின்னறையில் சாப்பாடு. ஜன்னல் இல்லாத பொந்துதான், ஆனால் வாடிக்கையாளர் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கடையில் நான் மாஸ்க்கைக் கழற்றுகிற ஒரே இடம். அவர் நம்ம ஆள், என்னைப் போலவே சுத்தம் பார்க்கிறவர். நான் கொண்டுபோனதில் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு உப்பே இல்லையே என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் போல.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் செருப்பும் பையும் வாசலில், துணி வாளியில், தலைக்குத் தண்ணீர். இவர் கணினியில் யாரோ கட்டப்போகிற வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டே, "இப்படித் தேய்ச்சுக் குளிச்சா ஒருநாள் நீயே கரைஞ்சு போயிடுவ" என்றார்.

சிரிக்கட்டும். சிரிக்கிற அந்த உடம்பில் வேலை செய்வது இவருடைய அக்கா கொடுத்த கிட்னி. இது நம்முடையது இல்லை என்று உடம்பு அதை அடித்து விரட்டாமல் இருக்க, மாத்திரை போட்டு உடம்பின் காவலையே தூங்க வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு இந்தக் கோவிட் இரண்டு நாள் காய்ச்சலாம். இவருக்கு வந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டால் மருத்துவரே பேனாவை மூடுகிறார். நான் குளிக்காமல் என்ன செய்வேன்?

ஜூலை 5, செவ்வாய்

அண்ணி வந்தார். இவருடைய அக்காவேதான். சொல்லாமல் கொள்ளாமல். ஆளுக்கு முன்னால் மாடிப்படியில் இருமல் வந்து சேர்ந்தது.

கீழ்வீட்டுக்காரி ஒரு தும்மல் போட்டாள் என்று கதவிடுக்கு வழியாகவே பேசி அனுப்பினவள் நான். என் கூடப் பிறந்த தங்கையை மூக்கு ஒழுகுகிறது என்று வாசலோடு திருப்பி அனுப்பி, அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் அண்ணியை? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். கிட்னி கொடுத்தவரை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே நிறுத்துவது?

"அண்ணி, இருமல் இருக்குதே" என்றேன்.

பஸ்ஸில் ஏசி என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார். மாஸ்க் கைப்பையில் பத்திரமாக இருந்ததாம்! இவர் போட்டிருந்த மாஸ்க்கையும், முகத்தைக் காட்டுடா என்று சொல்லிக் கழற்ற வைத்தார். பிறகு இவர் அடிவயிற்றில் தட்டி, வரும்போதெல்லாம் அடிக்கிற அதே ஜோக். "என் குடித்தனக்காரன் ஒழுங்கா இருக்கானா? தண்ணி ஒழுங்கா விடுறியா அவனுக்கு?" இவரும் முதல் முறை கேட்பது மாதிரி சிரிக்கிறார்.

இவர் டம்ளரிலேயே அண்ணி தண்ணீர் குடித்தார். சரி. அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மடித்தார். சிரித்ததில் இவருக்குப் புரையேறித் தாடையில் தண்ணீர் வழிந்தது. அதே கைக்குட்டையால் இவர் வாயைத் துடைத்துவிட்டார்! அந்த ஈரம் மினுமினுத்ததை என் கண்ணால் பார்த்தேன். எட்டிக் கையைப் பிடித்திருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் நாற்காலி, கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் துடைத்தேன். டம்ளரைக் குப்பையில் போட்டேன். இவருக்குக் கோபம். அக்கா தொட்டதெல்லாம் அசிங்கமா என்று கேட்டார். ஆமாம், அசிங்கம்தான்.

ஜூலை 6, புதன்

அண்ணி போன் செய்தார். லேசாகக் காய்ச்சலாம், எல்லாருக்கும் வருவதுதானாம், டெஸ்ட் எதற்காம்.

இவரிடம் கத்தினேன். "கிட்னி குடுத்தா கிருமியும் குடுக்கலாமா?" இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ஜூலை 8, வெள்ளி

எச்சில் விழுங்கினால் தொண்டையில் அரம் போட்டு ராவுகிற மாதிரி இருந்தது. டெஸ்ட் செய்தேன். இரண்டு கோடு.

இவருக்கு ஒன்றுதான். கடவுளே, ஒன்றாகவே இருக்கட்டும்.

அண்ணியின் இரண்டாவது தானம், வாழ்க.

ஜூலை 9, சனி

நான் படுக்கையறையில், இவர் கூடத்தில். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு குளியலறை. நான் போய்விட்டு வந்தால், ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று முழுக்க மாறிய பிறகுதான் இவர் போகலாம் என்று சட்டம் போட்டிருக்கிறேன். காலையில் காறித் துப்பியது பீங்கானில் ஒட்டிக்கொண்டு நழுவமாட்டேன் என்றது. பச்சையும் மஞ்சளுமாக. இது என் உடம்பிலிருந்துதானா வந்தது? பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன், மூச்சு முட்டும்வரை தேய்த்தேன். ஊரில் இருக்கிறவர்கள் வாயைப் பார்த்தெல்லாம் முகம் சுளித்தவள், இப்போது என் தலையணையை முகர்ந்தாலே குமட்டுகிறது.

சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்றால் போவதில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வரைபடத்தில் யாரோ கழிப்பறையை மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்ன கதையைச் சொல்கிறார். தள்ளிப் போங்க என்று கத்தினால், "கதவுதான் நடுவுல இருக்கே" என்கிறார். வீடு வரைகிற ஆளுக்குக் கதவுக்கு அடியில் இடுக்கு இருப்பது தெரியாதா? ஈரத்துண்டை மடித்து அங்கே திணித்தேன். பிறகு நாற்காலி நகர்ந்தது.

ஜூலை 10, ஞாயிறு

இவரை வேறு எங்கேயாவது அனுப்பிவிடலாம் என்று காலையிலிருந்து போன். இவருடைய நண்பர் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களாம். மானத்தை விட்டுத் தங்கையைக் கேட்டேன். "அன்னிக்கு என்னை வாசல்லயே நிக்க வச்சியே, இப்ப நான் மட்டும் எப்படிக்கா உள்ள விடுறது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவமனை நர்ஸ் போனில் சொன்னது: இவருக்கும் வந்துவிட்டால் ஒரு மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். அப்போதுதான் உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு வரும். ஆனால் காவல் விழித்துக்கொண்டால் கிட்னியையும் திருடன் என்று பிடிக்கலாம். ஆக, ஆளைப் பார்த்தால் கிட்னி போகும், கிட்னியைப் பார்த்தால் ஆள். இந்த அண்ணிக்கு ஒரு மாஸ்க் போட வலித்ததற்கு நாங்கள் இப்படி ஒரு தராசில் ஏறி உட்கார வேண்டும்!

சும்மா இருக்க முடியவில்லை. அண்ணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இருமி இருமி, "குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கத்தான் வந்தீங்களா அண்ணி?" என்று கேட்டேன். அனுப்பியதும் அழிக்கலாமா என்று தோன்றியது. அதற்குள் கேட்டுவிட்டார்.

ஜூலை 12, செவ்வாய்

இவர் கதவைத் தட்டினார். தட்டாதீங்க என்றேன்.

"துண்டை எடுத்துடு. இனிமே தேவையில்ல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் துண்டை இழுத்து எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தேன். இரண்டு கோடு விழுந்த டெஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்க் குறைந்த பிள்ளை மாதிரி நின்றார். நெற்றி கொதித்தது. பிடித்து உள்ளே இழுத்துப் படுக்கவைத்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு இவர் தலை என் மடியில்.

ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. இனி தள்ளிப் படுக்க வேண்டாமே என்று. சீ! நான் என்ன ஜென்மமோ. இதை இவரிடம் சொல்ல மாட்டேன்.

ஜூலை 13, புதன்

மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். தினம் காலையில் மருத்துவமனைக்குப் போய் ஊசி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கிட்னி தாங்குமா என்று கேட்டேன். முதலில் இவர் தாங்கட்டும் என்றார்.

அண்ணிக்குச் சொல்ல வேண்டும். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்காவிடம் இதைச் சொல்ல என்னால் ஆகாது என்றார். கொடுத்தது அவர், நிறுத்துவது நாம். கேட்காமல் எப்படி நிறுத்துவது? நானே போன் போட்டேன். எடுத்ததும் அவர் இருமல்தான் முதலில் கேட்டது. அதைக் கேட்டதும் மறுபடி எரிச்சல் பொங்கியது. அடக்கிக்கொண்டு மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். கிட்னி போனாலும் போகலாம் என்றும் சொன்னேன்.

அண்ணி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"நிறுத்தச் சொல்லு. குடித்தனக்காரன் போனா போறான். வீடு நிக்கணும்."

என் மெசேஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைத்துவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய் மட்டும் கசந்துகொண்டே இருந்தது.

ஜூலை 15, வெள்ளி

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை இவர் தூங்கும்போதும் மாட்டுகிறேன். திட்டுகிறார். திட்டத் தெம்பு இருக்கிறதே, அது போதும்.

ஜூலை 16, சனி

இவருக்கு மூச்சு வாங்குகிறது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மருத்துவமனையில் படுக்கை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்களாம். இவரை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்? யாரைத் திட்டுவேன்?

ஜூலை 18, திங்கள்

காய்ச்சல் விட்டது. படுக்கை தேவைப்படவில்லை. பசிக்கிறது என்றார்.

ஜூலை 21, வியாழன்

ரத்தப் பரிசோதனை. ஆள் தப்பித்தார். கிட்னி முனகுகிறது. அது வடிகட்ட வேண்டிய கழிவு, கிரியேட்டினின், ரத்தத்தில் ஏறியிருக்கிறது. நிறுத்திய மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். இறங்குமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

அண்ணி தினமும் இவருக்குப் போன் செய்கிறார். ஜோக் அடிப்பதில்லை. குடித்தனக்காரனைப் பற்றிக் கேட்பதே இல்லை. அந்தச் சலித்துப்போன ஜோக் ஒரு தடவை வந்தால் தேவலை என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 1, திங்கள்

மறுபடி கடை. மதியம் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவர் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார். இப்போதுதான் ருசி முழுசாகத் திரும்பியிருக்கிறதாம்.

எப்போது போனது என்று கேட்டேன்.

"அது ஆச்சு, நீங்க லீவு போடுறதுக்கு முன்னாடி. ரெண்டு நாள் உடம்பு வலி, அப்புறம் உப்பும் தெரியல, ஒறைப்பும் தெரியல. வெளிய சொன்னா கடைய மூடச் சொல்வாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

உப்பே இல்லையே என்றாரே! எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மாஸ்க் இல்லாமல், ஒரே பொந்துக்குள். நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். கேட்டுவிட்டால் ஆயிற்றா?

அண்ணி கொண்டு வந்ததா, நான் கொண்டு வந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஊரையே வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, நானே வாயில் கவ்விக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். எத்தனை தடவை வாய் கொப்பளித்தும் அந்த மெசேஜ் வாயை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

கிரியேட்டினின் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டதாம். நேற்று சாயங்காலம் நர்ஸ் சொன்னார். இவர் அக்காவுக்குப் போன் செய்யப் போனார். நேரில் வரச் சொல்லுங்க என்றேன்.

வந்தார். மாடிப்படியில் இருமல் இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். கதவைத் திறந்தால், மூக்கு வாய் எல்லாம் இறுக்கி மூடி, மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டு, படியிலேயே நிற்கிறார். ஏறவில்லை.

"நான் இங்கயே நிக்கிறேன். வீடு நல்லா இருக்கா?"

"குடித்தனக்காரனும் நல்லா இருக்கான் அண்ணி. உள்ள வாங்க."

அவர் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உட்காரவைத்து, லென்ஸ் வெட்டுகிறவர் விஷயம் முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னிடமிருந்தே வந்திருக்கலாம் என்றேன். அந்த மெசேஜில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கண் பார்க்கிற வேலைக்காரிக்கு.

அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். "யாரா இருந்தா என்ன? நான் இருமிக்கிட்டே வந்தது வந்ததுதானே. நீ கேட்டதும் கேட்டதுதான்" என்றார். அவர் சொன்னது சரி.

பிறகு இவர் உள்ளேயிருந்து வந்தார். நன்றாக இளைத்திருக்கிறார். அண்ணி பார்த்தார், அவ்வளவுதான், இரண்டு மாஸ்க்கையும் பிய்த்து எறிந்துவிட்டு ஓவென்று அழுதார். இவரும் அழுதார். அண்ணி கைப்பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்து, சத்தமாக மூக்கைச் சிந்தி, அதை மடித்து, இவர் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினார்.

எட்டிப் பிடித்தேன். நடுவழியில், மணிக்கட்டில்.

"சீ, அண்ணி. வேற துணி தர்றேன்."

அண்ணி கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக, "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார்.

அலமாரியிலிருந்து துவைத்த துண்டு எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையை வாங்கி, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போய், வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினேன்.