மஞ்சள் டேப்புக்கு இப்புறம்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஸ்டுடியோ தரை முழுக்கச் சேறு, இரண்டு முறை துடைத்தாயிற்று. ப்ளஸ் ஒன் விண்ணப்பப் படத்துக்குப் பிள்ளைகள் கூட்டம்.

வாசல் பல்பு மாற்ற. வெள்ளைத் திரை வெளுக்க. மாத்திரை.

வின்சென்டைக் கண்டித்தேன். பன்னிரண்டு வருடமாக இங்கே படம் எடுப்பவன், கெட்டிக்காரன். செங்கல் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தியின் ஷால் சரிந்திருந்தது. போய்த் தோளில் இழுத்துவிட்டான். கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். இருந்தாலும் முறை முறைதான். என் வீட்டுக்காரர் போனபின் நான் வைத்தவை: பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் உள்ளே. கதவு திறந்தே. படம் வீட்டார் போனுக்கு மட்டும். ஸ்டூலுக்கு முன் ஒட்டிய மஞ்சள் டேப்பைத் தாண்டக் கூடாது. வாயால் சொல், கையால் தொடாதே.

"இன்னொரு தடவை தாண்டினா வேற ஆளைப் பாப்பேன்" என்றேன்.

"சரியம்மா." லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 4, புதன்

வெயில். திரை காய்ந்தது.

கள்ளிக்காட்டிலிருந்து தாயும் மகளும். மகளுக்குப் பதினைந்து இருக்கும். ரிப்பன் கோணல், தலை குனிந்தே இருந்தது. "மக்களே, தாடையைக் கொஞ்சம் தூக்கு" என்று வி. இருமுறை சொன்னான். தூக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் இரண்டு விரலால் தாடையை நிமிர்த்தினேன், ரிப்பனையும் பிடித்தேன்.

"தொடாண்டாம்." பின்னால் சாய்ந்தாள், ஸ்டூல் ஆடிற்று.

தாய்: "எட்டீ, இந்த அம்மா தொட்டா உருகியா போவ?"

அவள் இறங்கிவிட்டாள். "நமக்குப் போலாம்."

"பிள்ளைக்கு மரியாதை படிச்சுக் குடுங்க" என்றேன். ஆம், அதையும் சொன்னேன். படம் எடுக்காமலே போனார்கள்.

வி. கேட்டான்: "அந்த டேப்பு எனக்கு மட்டுமாக்குமா அம்மா?"

"நான் பொம்பளை."

"அந்தப் பிள்ளை டேப்பைப் பாத்துட்டேதான் இருந்துச்சு. ஒருத்தரும் தாண்ட மாட்டாங்கன்னு நினைச்சிருக்கும்."

அடுத்தவரைக் கூப்பிட்டேன். பல்பு மறந்து போயிற்று.

ஜூன் 5, வியாழன்

மறுபடி மழை.

கான்வென்ட்டில் எங்கள் வகுப்புப் படத்தன்று சிஸ்டர் ஸ்கேலால் என் தாடையை நிமிர்த்தினார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அந்தப் படத்தை இன்றுவரை ஃபிரேம் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பெயர் எழுதும் நோட்டில் அவர்கள் நம்பர் இருந்தது. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். மகளிடம் பேச வேண்டும் என்றேன்.

"அவகிட்டயா? எதுக்கம்மா?" தாய்க்குப் பயம்.

மகள் வந்தாள். சீட்டைப் பார்த்துப் படித்தேன்: "உன்னைக் கேக்காம தொட்டேன். தப்பு என்னோடது. மரியாதையைப் பத்திச் சொன்னதும் தப்பு."

மழைச் சத்தம் அங்கேயும்.

"வலிக்கயொண்ணும் இல்ல. எனக்குப் பிடிக்கல்ல, அதாக்கும்."

"சரி."

"சனிக்கிழமை வாறோம். காட்டாக்கடை ஸ்டுடியோவுக்குப் போனா அம்மைக்கு பஸ்ஸில தலை சுத்தும்."

காரணம் எதுவானால் என்ன.

ஜூன் 7, சனி

தூறல். வி. வருமுன் என் நாற்காலியை டேப்புக்கு இப்புறம், கேமராப் பக்கம் நகர்த்திப் போட்டேன். வந்தவன் பார்த்தான். தேய்ந்த மூலையில் புது டேப் ஒட்டினான்.

பத்தரைக்கு வந்தார்கள். அவள் உட்காருமுன் டேப்பைப் பார்த்தாள், பிறகு என்னை. வி. தன் தாடையைத் தூக்கிக் காட்டினான், ஆட்டுக்கிடா மாதிரி. சிரித்தாள். தலை தானாக நிமிர்ந்தது.

ரிப்பன் அதே கோணல். மடியிலிருந்த என் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தாய் என்னிடம்: "அம்மா ஒண்ணு சொல்லுங்களேன்."

இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "ரிப்பன் இடப்பக்கம் சரிஞ்சிருக்கு. கண்ணாடி அங்க உண்டு. சரி பண்ணணுமா?"

"வேண்டாம்."

வி. அப்படியே படம் எடுத்தான்.