நீ கண்ணாடிக்கு வைத்த பொட்டு

கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து "என்னடி?" என்று கேட்பாய், உடனே வந்துவிட மாட்டாய். இப்போதும் அப்படித்தான் எங்கேயோ கைவேலையாக இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற என் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கதவின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். பழைய சாமான் விற்கிற பாயின் கடையிலிருந்து நீ ஆசை ஆசையாக வாங்கி வந்தாயே, பண்ணை வீட்டுக் கதவு. நம் தொகுப்பு வீட்டு வாசலைவிட அது அகலமாக இருந்தது. நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்தோம், உள்ளே வரவில்லை. "அந்தக் காலத்துல அது நம்மள உள்ள விடல. இன்னைக்கு நம்ம வாசல் அத விட மாட்டேங்குது" என்று அப்பா சிரித்தார். நீ மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு இரண்டாக அறுத்து எனக்குப் படிக்கிற மேஜை ஆக்கிவிட்டாய். வளையம் மாட்டியிருந்த ஓட்டையில் இப்போதும் பேனாவைச் செருகி வைக்கிறேன்.

ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. குறுவை அறுப்பு முடியப்போகிறது. அப்பா அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போகிறார். வரும்போது சட்டையெல்லாம் நெல் சுணை. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். மழை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. போன வருஷம் இதே சமயம் நீ கொடியில் துணி காயவில்லை என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் வீட்டைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

என் அம்மா கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். வேலை விட்டு வரும்போது, நாகப்பட்டினம் போகிற ரோட்டில், இடித்த வீடுகளின் சாமான் விற்கிற பாய் கடையில் இறங்காமல் வரமாட்டாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பச்சையும் சிவப்பும் கண்ணாடி போட்ட பழைய ஜன்னல் ஒன்றைப் பதித்திருக்கிறாள். காலையில் வெயில் பட்டால் எங்கள் சாம்பார்கூடப் பச்சையாக இருக்கும். ஊறுகாய் ஜாடிகளில் மணிபிளாண்ட் வளர்கிறது. யாருடைய உத்தரத்தையோ தாங்கியிருந்த செதுக்கு மரம் இப்போது என் புத்தகங்களைத் தாங்குகிறது. "இந்தப் பக்கம் இடிக்கிற வீடெல்லாம் உன் வீட்டுக்குத்தான் வருது தங்கச்சி" என்பார் பாய். "வரட்டும் பாய். நம்ம சனம் வெளிய நின்னு கூட்டின வீடுங்க. உள்ள என்னதான் வெச்சிருந்தாங்கன்னு நான் பார்க்க வேணாமா?" என்பாள் அம்மா.

அப்படி வந்ததுதான் அந்தக் கண்ணாடி.

ஆளுயரம். தேக்குச் சட்டம். மேலே இரண்டு கிளிகள், ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுத்திருக்கும். நெற்றி உயரத்தில், இரண்டு ஓரத்துக்கும் சரியாக நடுவில் ஒரு பழைய பசைத் தடம், ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு. நான் அதை நகத்தால் சுரண்டப் போனபோது நீ என் கையைத் தட்டிவிட்டாய். "சுரண்டாத. அது ஒருத்தங்க நெத்தி" என்றாய். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு அது பயமாக இருந்தது. ஒரு கண்ணாடிக்குள் யாருடைய நெற்றியோ தனியாக இருக்கிறது என்றால் பயமாக இருக்காதா?

பயத்தைப் போக்கத்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தாய். ஒவ்வொரு பிறந்தநாளிலும் என்னைக் கண்ணாடிக்குக் கிட்டே நிறுத்துவாய். ஒரு பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "இங்கயா?" என்பாய். "இன்னும் மேல." "இப்ப?" "கொஞ்சம் கீழம்மா, மூக்குல நிக்குது." கடைசியில் கண்ணாடிக்குள் இருக்கிற என் நெற்றிக்குச் சரியாக ஒட்டுவாய். அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக, நான் வளர வளரப் பொட்டுகளும் ஏறின.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது உன்னுடையது. ஆஸ்பத்திரிக்குப் போன காலையில், காய்ச்சலோடு நின்று தலையை முடிந்தாய். நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து, நெற்றிக்கு நேரே கண்ணாடியில் ஒட்டினாய். "வந்து வெச்சுக்கிறேன்" என்றாய்.

அதுதான் நீ இந்த வீட்டில் கடைசியாகப் பேசியது.

நீ போன பிறகு அப்பா அந்தக் கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். வகுப்பில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி அது முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தில் நின்றது. அப்பா போனில் பார்த்துத் தலை சீவினார். நான் குளியலறையில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் ஜடை பின்னினேன். அந்திநேரம் கரண்டு போனால், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ அசையும். பல்லிதான். ஆனால் பல்லி என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது தெரியுமா? நீ அதற்குள் நின்று, வெளியே வர வழி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ என்று நினைப்பேன். ஒருநாள் பின்பலகையில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். திருப்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. அந்தப் பொட்டு அங்கே இல்லை என்றால் என்ன செய்வேன்? இருந்தால்தான் என்ன செய்வேன்?

போன வாரம் அத்தை சொல்லிவிட்டார். "உங்கம்மா வருஷ தெவசத்துக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி இந்த வீட்டவிட்டுப் போயாகணும். பாயக் கூப்பிடு." மாமா இறந்ததிலிருந்து தனியாக இருந்த அத்தை, நீ போன பிறகு நம்மோடு வந்துவிட்டார். அப்பாவிடம் போனில் அழுதேன். பின்னால் மெஷின் சத்தம். "அக்கா சொல்றபடி செய்யிம்மா. என்னாலயும் அதப் பார்க்க முடியல" என்றார்.

நீ இருந்தபோதும் அத்தை நம் கூடத்தில் உட்கார மாட்டார், நினைவிருக்கிறதா? வந்தால் வாசலோடு நிற்பார். "அண்ணிக்கு நம்ம வீட்டப் பார்த்துப் பொறாமை" என்று நீ சொல்வாய். இல்லை அம்மா. அந்தக் கண்ணாடி ஏன் ஆகாது என்று நான் அன்றைக்குத்தான் அத்தையிடம் கேட்டேன்.

"அத பண்ணை வீட்டுலயே பார்த்திருக்கேன்டி. மூக்கு உடைஞ்ச கிளி. அப்ப எனக்குக் கல்யாணம் ஆவல. கொல்லப் பக்கமாத்தான் நம்மள விடுவாங்க. சாணி அள்ளப் போனவ ஜன்னல் வழியாப் பார்த்தேன். பண்ணையம்மா கண்ணாடியில நெத்தி இடிக்கிற மாதிரி நிக்கிறாங்க. கண்ணாடிக்குள்ள நெத்தியில பொட்டு."

"அதுக்கென்ன அத்தை?"

"ஏண்டி, அவங்க புருஷன் செத்து ரெண்டு வருஷம் ஆவுது! வெளிய வந்தாங்க. நெத்தி வெறும் நெத்தி. எடுத்த தடம்கூட இல்ல. மறுநாளும் பார்த்தேன், அதேதான். அவங்களுக்கு இல்ல, உள்ள இருக்கறவளுக்குத்தான் பொட்டு. உள்ள வேற ஒருத்தி இருக்கா. நான் குளுரு காய்ச்சல் வந்து படுத்துட்டேன். அவள உங்கம்மா காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தா."

அன்று இரவு முழுக்க நானும் போர்வைக்குள்தான் இருந்தேன். அத்தை சொன்னது பொய் இல்லை. அவர் குரலே அதைச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பாய் குட்டியானை வண்டியோடு வந்தார், தூக்குவதற்கு இரண்டு பேரோடு. பச்சைக் கண்ணாடி ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது செத்தவங்க சாமான் பாய், நீங்க சொல்லித்தானே வித்திருக்கணும்" என்று அத்தை சண்டைக்குப் போனார்.

"அக்கா, என் கடையில மௌத்தானவங்க சாமான் இல்லாதது என் கால்ல கெடக்குற செருப்பு மட்டுந்தான்" என்றார் பாய். தூக்க வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தைக்கு இன்னும் கோபம் வந்தது.

திருப்பினார்கள்.

முதலில் வாசல் வெளிச்சம் பளீரென்று உள்ளே அடித்தது. பிறகு பொட்டுகள். கீழிருந்து மேலே, ஒன்று விடாமல். மேலே, தனியாக, உன்னுடையது. விழவில்லை அம்மா. ஓரம்கூட மடங்கவில்லை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தது வேறு. என் பொட்டுகளுக்கும் உன் பொட்டுக்கும் இடையில் அந்தப் பழைய பசைத் தடம். உன்னைவிடக் குள்ளமான யாரோ ஒருவருடைய நெற்றி. அது ஓரத்தில் இல்லை. கழற்றி ஒட்டுகிறவர்கள் ஓரத்தில் ஒட்டுவார்கள். இது நடுவில் இருக்கிறது. நீ எனக்கு ஒட்டியது போலவே.

"அத்தை! பண்ணையம்மா நெத்தியில பொட்டே வெக்கல! கண்ணாடிக்கு வெச்சிட்டு அதுக்கு நேரா நெத்தியக் கொண்டு போயி நின்னிருக்காங்க. அதான் வெளிய வந்தப்ப தடம் இல்ல. உள்ள வேற யாரும் இல்ல அத்தை, அவங்களேதான்!"

"என்னடி உளர்ற?" என்றார் அத்தை. தூக்க வந்தவர்களிடம், "இருங்க, அந்தப் பொட்டையெல்லாம் எடுத்துட்டுத் தரேன். பொம்பள வெச்ச பொட்டோட வெளிய அனுப்பக் கூடாது" என்று கண்ணாடிக்குப் போனார். உன்னுடையதில்தான் முதலில் நகத்தை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நீயும் அத்தையும் ஒரே உயரம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கண்ணாடிக்குள் அத்தையின் நெற்றியில் உன் பொட்டு இருந்தது. "ஒரு சின்னப் பொட்டாவது வெச்சுக்கங்க அண்ணி" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஒவ்வொரு தடவையும் எப்படி எரிந்து விழுவார். இப்போது அவர் கை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது. முகத்தை நகர்த்தவில்லை. மூச்சில் கண்ணாடி மங்கி, தெளிந்து, மறுபடியும் மங்கியது.

பாய் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தூக்க வந்தவர்களையும் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம்" என்றார் அத்தை, யாரிடம் என்று தெரியாமல். பிறகு வழக்கமான குரலில், "வண்டிய எடுத்துட்டு வந்தவங்க சும்மாவா போறது? டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க. இவ்வளவு பெருசத் தூக்கத் தெரியாம வர்றாங்க பாரு" என்றார்.

அப்பா வந்து பார்த்தபோது கண்ணாடி நேராக நின்றது. கீழே உட்கார்ந்து, என் மூன்றாம் வகுப்புப் பொட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உன்னுடையது வரை வந்ததும் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று பரீட்சை மதியமே முடிந்தது. சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு வந்தபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை கண்ணாடியில் நெற்றி படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளே இருந்தவர் பொட்டோடு சிரித்தார். அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நொடி எனக்குக் குளிர் எடுத்தது, அந்தக் காலத்தில் பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்ற அத்தைக்கு எடுத்ததைப் போலவே. உள்ளே வேறு யாரும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவளே நான்தான். ஆனாலும், அம்மா, அந்தச் சிரிப்பு கொஞ்சம் உன்னுடையது மாதிரி இருந்தது. அது நீயா?

நான் சத்தம் போடாமல் வேலிப் படலுக்கு வெளியே திரும்பிப் போனேன். படலைத் தடாலென்று திறந்து, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு, "அத்தை, பசிக்குது!" என்று கத்திக்கொண்டே வந்தேன். அத்தை வாசலுக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. "ஏண்டி ஊரையே கூட்டுற?" என்றார்.

பண்ணையம்மாவுக்கு அப்படி மணி அடித்துக்கொண்டு வர யாராவது இருந்திருப்பார்களா?

அம்மா, உன் தெவசம் நாளை மறுநாள். அத்தை உனக்குப் பிடித்த கிழங்கு வறுவலைச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் உனக்கு வேறொன்று தருகிறேன், வாக்கு. அந்தக் கண்ணாடியைத் துடைப்பேன். பொட்டுகளைத் தொட மாட்டேன். பண்ணையம்மாவின் தடத்தையும் சுரண்ட மாட்டேன். இந்தப் பிறந்தநாளில் ஒட்டுவதற்கு நீ இல்லாததால் எவ்வளவு வளர்ந்தேன் என்று எனக்குத் தெரியவே இல்லை; இப்போது நின்று பார்த்தால் நான் பண்ணையம்மாவின் தடத்தைத் தாண்டிவிட்டேன். உன்னுடையதற்கு இன்னும் இரண்டு விரல் இருக்கிறது.

அந்த இரண்டு விரலும் வளர்ந்த அன்று, நான் பொட்டு வைக்காமல் வந்து நிற்கிறேன். நீ வந்து வைத்துவிடு.

உன் பொட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்,
உன் மகள்
கயல்விழி