இலவசமாகக் கொடுத்த அத்தியாயம்

அன்புக் கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் தொடங்குகிறேன், இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய குறை எதுவும் இல்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே மக்கர் பண்ணுகிறது. முப்பத்தோரு வருடம் ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவன் லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடியில் குடிவைத்திருக்கிறான் என்று அவள் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னேனே, அதை நானே கழற்றிச் சரிசெய்துவிட்டேன். தினம் போனில் பேசாவிட்டாலும் வாரம் ஒரு முறை பேசுகிறோமே, இதற்கு எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று உனக்குத் தோன்றும். மூன்று வாரமாகப் போனில் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன், மூன்று தடவையும் அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் அப்படி நழுவ முடியாது. குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, உட்கார்ந்து படி. படிக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம், அது உன் இஷ்டம்.

வேலையை விட்டு வந்த பிறகு லிஃப்ட் அனுபவங்களை எழுதி மின்நூலாக நானே போட்டது உனக்குத் தெரியும், அட்டைப் படத்தை அனுப்பியபோது நீ வரிசையாகக் கைதட்டல் படம் அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது. முதல் இரண்டு மாதத்தில் மொத்தம் ஒன்பது பேர் வாங்கினார்கள், அதில் ஒருவர் உன் சித்தப்பா, ஒருவன் நானே. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது புத்தகத்தையும் எழுதி முடித்துப் போட்டிருந்தேன், அதை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, மனசு கேட்கவில்லை. மேல்வீட்டில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா குடிவந்திருக்கிறார்கள், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது பேய்க்கதை எழுதி மின்நூலாகப் போடுகிறார், இதுவரை இருபத்திரண்டு பேய். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர்தான் சொன்னார், "சார், கடையில ஸ்வீட்டை ஒரு துண்டு கிள்ளிக் கையில குடுக்கறாங்கல்ல, அது மாதிரிதான். முதல் புத்தகத்தை அஞ்சு நாள் சும்மா குடுங்க. படிச்சவங்க ரெண்டாவதைத் தானா வாங்குவாங்க. ஆனா உங்க புத்தகத்துல ஸ்குரூவும் நட்டும்தான் இருக்கு, அழுகை இல்லையே. ஒரே ஒரு அத்தியாயமாவது ஆளைப் புடிச்சு உலுக்கணும்" என்று. அவர் மேல் குற்றம் இல்லை, அவர் பொதுவாகச் சொன்னார். எந்தக் கதையை எடுத்தால் ஆளை உலுக்கும் என்று எனக்குத்தான் உடனே தெரிந்துவிட்டது.

கண்ணு, நீ முதல் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம் உன் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நின்றதே, அதை எழுதி முதல் புத்தகத்தில் சேர்த்தேன். உனக்கு மறந்திருக்காது, நாம் இரண்டு பேரும் இந்தப் பதினோரு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் என்ன எழுதினேன் என்று நீ மற்றவர் வாயால் கேட்கக் கூடாது, அதனால் சொல்கிறேன். அந்தக் கட்டடம் என் பொறுப்பில் இல்லை, வழக்கமாகப் போகிறவர் லீவில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள் என்று எழுதினேன். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றதையும், உள்ளே நாலு பேர் என்று சொன்னதையும், உள்ளேயிருந்து வந்த ஒரு இருமலை வைத்தே அது என் மகள் என்று தெரிந்துகொண்டதையும் எழுதினேன். கதவைத் திறந்தபோது லிஃப்டின் தரை இடுப்பளவு கீழே இருந்தது, ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன், உன் மேனேஜர் என் கையைப் பிடித்துத்தான் ஏறினார், நீ மட்டும் என் கிரீஸ் கையைப் பிடிக்காமல் கதவு விளிம்பைப் பிடித்து ஏறினாய் என்று எழுதினேன். என் முகத்தைப் பார்த்து "தேங்க்ஸ்ங்க" என்றாய். அந்த மேனேஜர் என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு உன்னிடம், "உங்க அப்பாவும் இந்தக் கம்பெனிலதானே இன்ஜினியர்?" என்றார், நீ "ஆமா சார், அவர் ஹெட் ஆபீஸ்ல" என்றாய். அந்த இடத்தோடு அத்தியாயத்தை முடித்துவிட்டேன். உன் பெயர் இல்லை, ஆபீஸ் பெயர் இல்லை. ஆனால் 'என் மகள்' என்று இருந்தது. எனக்கு இருப்பது நீ ஒருத்திதானே.

அதற்கு அப்புறம் இலவசம் என்று போட்டேன். டைப்பிஸ்ட் அம்மா சொன்னபடி வெள்ளிக்கிழமை தொடங்கி ஐந்து நாள். எத்தனையோ குழுக்களில் அறிவிப்புப் போட்டோம், குடியிருப்புக் குழு, பழைய கம்பெனிக்காரர்கள் குழு, முகம் தெரியாத வாசகர் குழுக்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் எடுத்துவிட்டார்கள். இலவச வரிசையில் முதல் இடத்தில் வந்தது, அந்தத் திரையைப் படம் பிடித்து என் போனில் முகப்பாகவே வைத்துக்கொண்டேன். இரண்டாவது புத்தகமும் நகர ஆரம்பித்தது. காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கருத்துகளைப் படிப்பதுதான் வேலை. எல்லாம் அந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றித்தான். கண்ணீர் வந்துவிட்டது என்றார்கள், உங்களைப் போல ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் அந்த மகளைத் திட்டினார்கள். படித்த திமிர் என்று ஒருவர், இப்படி ஒரு பெண் பிறந்ததற்குப் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒருவர். இதைத்தான் எழுதக் கை வரவில்லை, இரண்டு முறை பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதைப் படித்தபோது எனக்கு இனித்தது கண்ணு. பதினோரு வருடமாக உள்ளே கிடந்த ஒன்றுக்கு யாரோ மருந்து தடவுகிற மாதிரி இருந்தது. திட்டியவர்களுக்கு நன்றி என்று பதில் போட்டேன். ஒரே ஒருவர் மட்டும் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, "அன்றைக்குச் சாயங்காலம் அந்த அப்பாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள்? அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தார். பொறாமை பிடித்தவர் என்று தள்ளிவிட்டேன்.

மறுபடியும் ஒரு ஐந்து நாள் இலவசம் போடலாம் என்று இறங்கினேன். இந்தத் தடவை விளம்பரப் படம் ஒன்று செய்தேன், அட்டைக்குப் பக்கத்தில் வாசகர் கருத்து ஒன்றைப் பெரிய எழுத்தில் போட்டால் எடுபடும் என்று தேடி, ஒருவர் எழுதியதை எடுத்துப் போட்டேன். "அந்தப் பொண்ணு நல்லாவே இருக்க மாட்டா" என்பதுதான் அது. நானே தேர்ந்தெடுத்தேன், நானே பெரிதாக்கினேன், எழுத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு வெறும் வாசகமாகத்தான் தெரிந்தது என்று சொன்னால் நம்புவாயோ என்னவோ, நானே நம்பவில்லை.

அம்மாவிடம் நான் புத்தகத்தைக் கொடுக்கவே இல்லை, அவளுக்குப் போனில் படிக்கப் பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலவசம் என்று குடியிருப்புக் குழுவில் பார்த்துவிட்டு அவளே எடுத்திருக்கிறாள். ஒரு மத்தியானம் சமையலறையில் காய் நறுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், நான் பெருமையாகப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் போனைத் திருப்பி அந்த விளம்பரப் படத்தைக் காட்டினாள். "நம்ம பொண்ணுக்கு யாரோ சாபம் விட்டிருக்கான், நீங்க அதுக்குக் கலர் அடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்கீங்க" என்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன், கதைக்காக, விற்பனைக்காக என்று. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "இன்ஜினியர்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க? அதை எந்த அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க? எத்தனை பக்கம் தள்ளியும் எனக்குக் கிடைக்கல" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நீ முந்தின வாரம் அவளிடம், 'என் ஆபீஸில் ஒரு பெண் ஏதோ லிஃப்ட் புத்தகம் இலவசமாகக் கிடைத்தது என்று அட்டையைக் காட்டினாள், அது அப்பா புத்தகம் என்று பெருமையாகச் சொன்னேன், ஆனால் நான் இலவசமாக எடுக்க மாட்டேன், ஊருக்கு வரும்போது அப்பாவை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பேன்' என்று சொன்னாயாமே. எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நீ மெக்கானிக் என்றுதான் எழுதியிருந்தாய், அழகான கையெழுத்து. நான்தான் அதை அடித்துவிட்டு இன்ஜினியர் என்று எழுதினேன். ஏம்பா என்று கேட்டாய், "யாராவது கேட்டா இப்படியே சொல்லு, ஹெட் ஆபீஸ்னு சொல்லு" என்றேன். வெட்கம் என்னுடையது, உன் வாயில் ஊட்டிவிட்டேன். நீ வேலைக்குச் சேர்ந்தபோதும் இன்னொரு முறை ஞாபகப்படுத்தினேன். அன்றைக்கு லிஃப்டுக்கு வெளியே நீ சொன்னது நான் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாய். அதோடு போகவில்லை. அன்று சாயங்காலம் நீ எங்கள் சர்வீஸ் ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்தாய். பன்னிரண்டு மெக்கானிக்குகள் இருந்த கூடத்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "அப்பா" என்று கூப்பிட்டாய். அதைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதே புரிந்தது. நான் திரும்பவில்லை. பிரித்துப் போட்ட பிரேக்கைத் துடைத்துக்கொண்டே, "வேலை இருக்கு, நீ வீட்டுக்குப் போ" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாய். அந்த இரண்டு நட்சத்திரக்காரர் கேட்டது இதைத்தான். இதை எழுதியிருந்தால் யாரும் என்னைக் கொடுத்துவைத்த அப்பா என்று சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் எழுதவில்லை. விற்காது என்று விட்டேன்.

இரண்டாவது இலவசத்தின் மூன்றாவது நாளே நிறுத்திவிட்டேன், புத்தகத்தையும் இறக்கிவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மா படியிறங்கி ஓடி வந்து, "ரேங்க் ஏறிக்கிட்டு இருக்கும்போது யாராவது இறக்குவாங்களா சார், புத்தி கெட்டுப்போச்சா?" என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்தெந்தக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டோமோ ஒவ்வொன்றாக என்னோடு தேடி அழித்தார். அழிக்க முடியாத இடங்களில் நான் என் பெயரிலேயே எழுதினேன், இந்தக் கதையில் பாதியை மறைத்துவிட்டேன், அந்தப் பெண் மேல் தப்பில்லை, பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று. சிலர் திட்டினார்கள். ஒருவர் இதுவும் ஒரு விளம்பரம்தானே என்று கேட்டார். ஏற்கெனவே எடுத்தவர்களிடம் இருந்து திரும்ப வாங்க வழி இல்லையாம். அவர்கள் போனில் அது கிடக்கும். உன் ஆபீஸ் பெண் போனிலும் கிடக்கும். அவள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு உன்னை ஒரு மாதிரி பார்த்தால் அதற்குக் காரணம் நான். இந்தக் கடிதத்தை நீ அவளிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

இதோடு நாலு தாள் வைத்திருக்கிறேன், அந்த அத்தியாயத்தை முழுதாகத் திருப்பி எழுதியது. நீ படித்துச் சரி என்றால்தான் புத்தகம் மறுபடி வெளியே வரும், வேண்டாம் என்றால் வேண்டாம், கிழித்துப் போட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். பதிலை அவசரப்பட்டு எழுதாதே. மன்னிப்புக் கேட்கிறேன், கொடு என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் முதுகுவலிக்கு நாற்காலியின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கச் சொல், குட்டியின் பல் விழுந்த போட்டோவை அம்மாவுக்கு அனுப்ப மறந்துவிட்டாய், அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எந்தக் குறையும் வரக் கூடாது, இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

உறையை ஒட்டப் போகிறேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தபாலாபீஸ் வரைக்கும் கூடவே வருவாளாம். இதைப் பெட்டியில் போடும் வரை என்னைத் தனியாக விட மாட்டாளாம்.

தலைகுனிந்த அன்புடன்,
அப்பா