நீங்கள் கேட்காத மன்னிப்பு

சித்தி,

இன்று ஆசிரியர் அறையில் நோட்டுகளை வைக்கப் போனபோது ஏலக்காய் தட்டிப் போட்ட டீயின் வாசனை வந்தது. நீங்கள் போடுகிற டீயின் அதே வாசனை. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பதினைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய உங்களுக்கு, தோள்வலி என்று எஸ்டேட் கேன்டீனில் டீ போடும் வேலைக்கு மாற்றித் தந்தார்கள். ஒன்பதாம் நாளே கையில் வாரியலைக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் சொன்னதை அவரைப் போலவே நடித்துக் காட்டினீர்கள். "ஒங்க ஆளுக கையால ஆபீஸ்காரங்க குடிக்க மாட்டாங்க. பெருக்கு, அதான் ஒனக்குச் சரி." ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் நமக்கு முன்பெஞ்சில்தான் முழங்காலில் நின்றார்.

"நான் கிள்ளுன கொழுந்து இனிக்குமாம், நான் போட்ட டீ கசக்குமாம்" என்று சிரித்தீர்கள்.

மேனேஜரிடம் புகார் சொல்லி ஒரு பராதி எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான். நம் லயத்து வீடுகளில் நன்றாக மலையாளம் எழுதத் தெரிந்தவள் நான்தானே. ஆனால் லீவு லெட்டர் எழுதியே பழகிய கை. "என் பக்கம் பிழை இருந்தால் மன்னித்து, பழைய வேலையைத் தர வேண்டுகிறேன்" என்று அழகாக முடித்தேன். வாசிக்கத் தெரியாத நீங்கள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். பிழையை நீங்களே ஒப்புக்கொண்டதால் மேல்நடவடிக்கை இல்லை என்று மேனேஜரிடமிருந்து பதில் வந்தது.

பீர்மேட்டில் இலவச சட்ட உதவிக்கு உட்கார்ந்திருந்த வக்கீலம்மா இரண்டு தாள்களையும் வாசித்தார். "இது பராதி இல்ல மோளே, மாப்புக் கடிதம். யாரு, என்னைக்கு, என்ன சொன்னாங்க, யாரு கேட்டாங்க, அத எழுது."

நான் தலைகுனிந்து நின்றேன். நீங்கள் என் பின்னலைப் பிடித்து இழுத்தீர்கள். "ஏட்டி, ஒன்ன அழ வைக்கவா கூட்டிட்டு வந்தேன்? எழுது."

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது, "சொன்னது தப்புன்னு அவங்க எழுதித் தரணும். வேலையெல்லாம் பொறவு" என்றீர்கள்.

அந்தப் பராதியைக் கொடுத்த மூன்றாவது வாரம் உங்களுக்கு நெஞ்சுவலி. ஜீப் மலையிறங்கி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டுக்கு சூப்பர்வைசரும் வந்தார். எல்லோருக்கும் பால் விடாத கட்டன் டீ கொடுத்துக்கொண்டு வந்த சித்தப்பா அவரிடமும் ஒரு கிளாஸை நீட்டினார். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றார். உங்கள் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அதைச் சொன்னார், சித்தி.

பராதியை மேலே கொண்டுபோக முயன்று பார்க்கலாம், கணவர் கையெழுத்து வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியனுப்பினார். போனவளை ஏன் இழுக்கணும் என்று சித்தப்பா முதலில் முனகினார். அப்புறம், "அந்த கிளாஸ அவன் வாங்கலையே" என்றார். "எங்க போடணும் கையெழுத்து?"

போடுமுன் வரி வரியாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை, அதுவரை அது என்னோடு இருக்கட்டும்.