மாது, உனக்கு எது வாங்குவது?

என் உயிரான மாதுவுக்கு,

வீடு முடிந்துவிட்டது. போன வாரம் பால் காய்ச்சினோம். மாடிப்படி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினாயே, அந்தப் பக்கமே வைத்துவிட்டேன். ஏறிப் பார்க்கத்தான் நீ இல்லை.

நேற்று மாடியில் நம் ஆட்களுக்கு பார்ட்டி. வழக்கம்போல எல்லாரும் குடும்பத்தோடு வந்தார்கள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் நீ அடங்கிப்போனாய், அப்போதும் வரவில்லை. சாப்பிடுகிறேன், கடையைத் திறக்கிறேன், யாராவது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். எனக்குக் கல்நெஞ்சு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கலாம்.

நேற்றுக் காலையில் எனக்குக் காபி கொடுத்துக்கொண்டே செல்வி சொன்னாள். "மாதண்ணனுக்குப் புடிச்சதையும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மொதல்ல அவருக்குப் படைச்சுக் கும்புட்டுட்டு அப்புறம் நீங்க ஆரம்பிங்க."

போனவர்களுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடாமல் நம் பக்கம் எந்த நல்லது நடந்திருக்கிறது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம் டாஸ்மாக் கடை திறந்ததும் போய் நின்றேன். "என்னா வேணுங்க?" என்றார் விற்பனையாளர். பீர் என்றேன். "எந்த பீருங்க? ஸ்ட்ராங்கா, லைட்டா?"

எனக்குத் தெரியவில்லை, மாது. இருபது வருஷமாகக் குடிக்கிறேன், குடிப்பதன் பெயர் தெரியவில்லை. நீ வாங்கி வருவாய், நீ ஊற்றுவாய், நான் டம்ளரை நீட்டுவேன். அவ்வளவுதான் என் அறிவு. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டவும் ஒதுங்கி நின்று நம் கூட்டாளி முனியப்பனுக்குப் போன் போட்டேன்.

"எனக்கா? அந்த செகப்பு லேபிளு ஒட்டினதுடா. பேரெல்லாம் மாதுவுக்குத்தான் தெரியும்."

கோவிந்தனுக்குப் போட்டேன். "சுகர் வந்ததுல இருந்து மாது எதையோ மாத்திக் குடுத்தான். என்னான்னு நான் கேக்கலடா."

எங்களை இப்படியா கெடுத்து வைப்பாய்? சரி, அவர்கள் கிடக்கட்டும். உனக்கு என்ன வாங்குவது? முனியப்பனை மறுபடி கூப்பிட்டு, மாது என்ன குடிப்பான் என்று கேட்டேன்.

"கையில எப்பவும் எவர்சில்வர் டம்ளரு இருக்கும்டா," என்றான். "உள்ள என்னா இருந்துச்சுன்னு பாக்கல."

உன் வீட்டில் கேட்கலாம்தான். ஆனால் ஏழு மாதமாகத் தலையே நிமிராத லட்சுமியிடம், உன் புருஷன் என்ன குடிப்பான் என்று எந்த வாயால் கேட்பது? செல்விக்கே போன் போட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் பையோடு வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"பீர ரெண்டு தினுசா வாங்கிடுங்க. அப்படியே ஒயினும் ஒண்ணு."

"ஒயின் யாருக்கு?"

"எங்க பொம்பளைங்களுக்குத்தான். கிச்சன் ஜன்னல்ல மணி பிளாண்ட் வெச்சிருக்கேன் இல்ல, அந்த பாட்டிலுதான். போட்டோ அனுப்பறேன். மாதண்ணன்தான் வாங்கியாந்து குடுப்பாரு. ஆளுக்கு அரை டம்ளரு, அதுக்கு மேல ஊத்த மாட்டாரு."

அந்தச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், மாது. கோபம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. ஐஸ் எடுத்து வருகிறேன், வெங்காயம் எடுத்து வருகிறேன் என்று நீ அடிக்கடி கீழே இறங்கிப் போனது இதற்குத்தானா?

"அவனும் அங்க ஒயின்தான் குடிப்பானா?" என்றேன்.

"அவரா? அவரு மோருதாங்க குடிப்பாரு. நான்தான் கரைச்சுக் குடுப்பேன். உங்க எல்லாரையும் வூடு சேக்கணும் இல்ல, வண்டி யாரு ஓட்டறது? உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்," என்றாள்.

இருபது வருஷம். யார் வீட்டு பார்ட்டி என்றாலும் திரும்பும்போது உன் குட்டி யானை வண்டியில் பெண்டு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன்னால் உன் பக்கத்தில் நான் உட்காருவேன். உன் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். உன் சட்டையில் ஒரு நாளும் வாடை அடித்ததில்லை. அது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன நண்பன், சொல்.

இலை தெரிந்த அந்தப் போட்டோவைக் காட்டியதும் விற்பனையாளர் சிரித்துக்கொண்டே அதே ஒயினை எடுத்துக் கொடுத்தார். நேற்றுச் சாயங்காலம் மாடியில் உன் படத்துக்கு முன்னால் எவர்சில்வர் டம்ளரில் மோர் வைத்தோம். கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, கல் உப்புப் போட்டு, செல்வி கரைத்தது. லட்சுமி அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்ன பிறகு ஒருத்தரும் முதல் பாட்டிலைத் திறக்கவில்லை. "தெறங்கடா, அவன் இருந்தா திட்டுவான்," என்று நான்தான் திறந்து கொடுத்தேன்.

படைத்த மோரை நான் குடித்தேன். வேறு எதையும் தொடவில்லை. முடிந்ததும் எல்லாரும் கீழே இறங்கி, பழக்க தோஷத்தில், வண்டி கிளம்பட்டும் என்று வாசலில் நின்றார்கள். எதிரே உன் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் சாவியை லட்சுமி என் கையில் வைத்தாள்.

உனக்குக் கால் எட்டாது என்று டிரைவர் சீட்டில் முதுகுக்கு வைத்திருந்த தலையணை அப்படியே இருக்கிறது. எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டி ஒவ்வொருத்தரையும் வீடு சேர்த்தேன். நேற்றும் அழுகை வரவில்லை. முட்டி மட்டும் இன்று காலை வரை வலிக்கிறது. ஏழு மாதத்தில் எனக்கு வலித்தது இது ஒன்றுதான்.

இனி நான் ஓட்டுகிறேன், மாது. தலையணை அங்கேயே இருக்கும்.

கூடப் பிறக்காத உன் பங்காளி,
சின்னசாமி