கோழிக் கூண்டில் இஸ்திரிப் பெட்டி

அன்புள்ள நொயெமி அக்காவுக்கு,

உன் தங்கை ருபியேலா எழுதிக்கொள்வது. இங்கே மாடுகள் நலம். மனிதர்கள் நலமா என்பதைக் கடிதத்தின் முடிவில்தான் சொல்ல முடியும். ஸ்பெயினில் குளிர் விட்டதா? நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவரின் இருமல் நின்றதா? போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் பேசினால் என் வீட்டுக்காரர் லிபார்தோவுக்குத் தொழுவம் வரை கேட்கும்.

விஷயம் அவரைப் பற்றியதுதான். ஜனவரியில் அவருக்கு நாற்பத்து நான்கு முடிந்தது. அந்தக் குடும்பத்தில் நாற்பத்து நான்கு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். மாமனார் அந்த வயதில்தான் கறந்த மாட்டையே மறுபடி கறக்கப் போனார். இவருடைய அண்ணன் ஆர்னோபியோ நாற்பத்தாறில் தன் பெண்டாட்டியைப் பார்த்து, "நீ யாரும்மா, யாரு வேணும்?" என்று கேட்டார். இந்த மறதிச் சீக்கை நம் ஊரில் போபேரா என்கிறோம், நகரத்து டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வருமாம். வருஷா வருஷம் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அந்தப் பாதியில் யார் யார் என்று மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதனால் அவர் வீட்டில் ஒருவர் சாவியைத் தேடினால் மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

நானும் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தது போதாமல் சோதிக்கவும் ஆரம்பித்தேன். உப்பு ஜாடியைத் துணிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் தொப்பியைச் சோளப் பானைக்குள் வைத்தேன். தேடிக் குழம்புகிறாரா, "எங்க வச்சேன்" என்று தலையைச் சொறிகிறாரா என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆர்னோபியோவின் கல்யாணம் எந்த வருஷம் என்று ஒரே நாளில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சரியாகவே சொன்னார். ஆனால் மூன்றாவது முறை அவர் கத்தவில்லை அக்கா. பீன்ஸில் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், "எண்பத்தொன்பதுதான் ருபி, நீ கொஞ்சம் ஒக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். நான் ஒளித்த சாமான்களும் பேச்சில்லாமல் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. சுபாவம் மாறுகிறது, ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் வியாழக்கிழமைகள். காலையில் முகம் மழித்து, சென்ட் போட்டு, நல்ல கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊருக்குள் இறங்குவார். எங்கே என்றால், ஆணி வாங்க. ஐந்து வியாழன் போனார், ஓர் ஆணி வீட்டுக்கு வரவில்லை. என் புத்தி நேராக ரொட்டிக் கடை ஓல்காவிடம் போயிற்று. புருஷன் செத்து இரண்டு வருஷம், உதட்டுச் சாயம் மட்டும் ஒரு நாளும் சாகவில்லை. சொன்னால் சிரிப்பாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது! கிழமை நினைவிருக்கிறது, வாய் கூசாமல் பொய் வருகிறது, திருட்டுத்தனத்துக்கு நல்ல மூளை வேண்டாமா? கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, "மாதாவே, பொம்பளையாவே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலைக் கேட்டு மாதாவுக்கே தலை சுற்றியிருக்கும்.

போன சனிக்கிழமை அவருடைய சேணத்துக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு அகப்பட்டது. காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தேன். அவர் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: 'பிப்ரவரி 9. உப்பு ஜாடி துணிப் பெட்டியில். எடுத்து வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பிப்ரவரி 17. என் தொப்பி சோளத்துக்குள். மார்ச் 1. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். மார்ச் 20. இஸ்திரிப் பெட்டி கோழிக் கூண்டில், முட்டைகளுக்கு நடுவில். பாவம்.'

அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பால் கேன் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் நோட்டை வீசி, "உங்க வீட்டுச் சீக்கை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கத்தினேன். "உப்பைத் துணிக்குள்ள வச்சது நானா, நீயா?" என்று அவரும் கத்தினார். அப்புறம் நான் சோதித்த கதையெல்லாம் சொன்னேன். கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தவர் அழுதாரா சிரித்தாரா, எனக்குத் தெரியவில்லை. "அடிப்பாவி, உனக்கு இப்படி ஆயிடுச்சேன்னு ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கலடி" என்றார். வியாழக்கிழமை சுகாதார நிலையத்துக்கு நகரத்திலிருந்து அம்பாரோ என்று ஒரு நர்ஸ் வருகிறாள். என்னைப் பற்றிச் சொல்லத்தான் போயிருக்கிறார். அதற்கு எதற்கு சென்ட் என்று கேட்டேன். "படிச்ச பொண்ணு முன்னாடி சாணி நாத்தத்தோட போய் நிக்கச் சொல்றியா?" என்றார்.

அன்று மாலை வரை சிரித்தோம். காபி ஆறிப்போயிற்று, மறுபடி போட்டேன். சிரிப்புக்கு நடுவில் அவர், "எல்லாம் சரி, இஸ்திரிப் பெட்டியை எதுக்குடி கோழிக்குக் குடுத்தே? சட்டை தேய்க்கச் சொல்லவா?" என்றார். "உங்களைச் சோதிக்கத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

நான் வைக்கவில்லை அக்கா. எனக்கு நினைவிருக்கிறவரை வைக்கவில்லை. மகள் நகரத்துக்குப் படிக்கப் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒன்று அவர் வைத்து மறந்திருக்க வேண்டும், இல்லை நான். மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது, அதைக் கெடுக்க மனம் வராமல் பொய் சொன்னேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நர்ஸ் ஒரு படம் போட்டிருக்கிறாள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. மாமனாரும் ஆர்னோபியோவும் கறுப்பு. என் வட்டத்திலிருந்து ஒரு கோடு அம்மாவுக்கு ஏறுகிறது, அங்கிருந்து அவள் பாட்டிக்கு ஏறி, கடைசியில் லிபார்தோ குடும்பத்துக் கிழவன் ஒருவனிடமே போய்ச் சேருகிறது. அம்மாவின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. நர்ஸ் சொன்னாளாம், சில பேருக்கு மறதிக்கு முன்னால் சந்தேகம் வருமாம், வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே மூளை உள்ளுக்குள் கெட ஆரம்பிக்குமாம். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூன்று மாதமாக ஒளிந்து நின்று பார்த்தேனே, அது நானா, இல்லை என் தலைக்குள் கெட்டுக்கொண்டிருப்பதா? சின்ன வயதில் நீ என்னைப் போலீஸ்காரி என்று கூப்பிடுவாய், உன் பைகளைத் துழாவுவேன் என்று. அது உண்மைதானே? நான் எப்போதுமே இப்படித்தான் என்று எழுது.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மா செத்தபோது நாற்பத்து மூன்று. எனக்கு இப்போது அதே வயது. அப்போது எனக்கு ஐந்து, உனக்குப் பதின்மூன்று. ஆலைக்குச் சோளம் அரைக்கப் போனவளை ஓடைப் பள்ளத்தில், சரிந்த மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். மழைக்குப் பயந்து குறுக்கு வழியில் போனாள் என்று நீ சொல்வாய். நேற்று அந்த வழியில் நடந்து பார்த்தேன். ஓடை இருப்பது ஆலைக்கு எதிர்த் திசையில். ஆலைப் பாதையோ அவள் பிறந்ததிலிருந்து நடந்த பாதை. எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் உன்னை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. உனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, நீ தப்பித்தாய். அதற்காக மாதாவுக்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன்.

மே மாதம் நர்ஸ் என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் பதில் போடு. அம்மா வழி தெரிந்துதான் போனாள் என்றால், எந்தக் காரியமாகப் போனாள், என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று விவரமாக எழுது. அப்படி இல்லையென்றால், இங்கே எல்லோரும் நலம் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. எனக்குப் புரியும். கடிதத்தை அவர்தான் முதலில் பிரிப்பார்.

மாதா உன்னை நல்ல புத்தியோடு வைத்திருக்கட்டும்.

உன் போலீஸ்காரி,
ருபியேலா